நம் எலும்புகளுக்குள் இருக்கும் ஈவு

(வாலிபர் ஞாயிறு ஆராதனையில் ஆற்றிய உரை. ஆண்டு நிறைவு மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



போதகர் ஐயா எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும், பெரியவர்கள் தூங்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நான் பிரசங்கம் செய்யத் தெரிந்தவள் அல்ல. இந்த நாட்டில் பல வருடங்களாகச் சிறுவர் புற்றுநோய் வார்டில் தாதியாக வேலை செய்கிறவள். நான் பராமரித்த பிள்ளைகளின் பெயரையோ ஊரையோ கதையையோ இங்கே சொல்ல மாட்டேன். அது அவர்களுடையது. சொல்லப்போவதெல்லாம் பொதுவான காரியங்கள். கடைசியில் என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லுவேன். அதற்கு என் மகனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

முதலில் சிறுவர்களிடம் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியில் எலும்புத் துண்டு வந்தால் உறிஞ்சுவீர்களா? அந்த ஒரு துண்டுக்காக அப்பாவும் மகனும் போட்டி போடுகிற வீடு ஒன்று எனக்குத் தெரியும். எலும்பின் நடுவில் வழுவழுப்பாக இருக்கிறதே, அதுதான் மஜ்ஜை. நம்முடைய பழைய வேதாகமத் தமிழில் அதற்கு ஊன் என்று பெயர். எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் கணுக்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது அதுதான். சின்ன வயதில் நான் அதை இறைச்சி என்றே நினைத்து மனப்பாடம் செய்திருந்தேன். தாதியாகப் படித்தபோதுதான் ஆங்கில வேதாகமத்தைப் புரட்டி, ஓ, இதுவா என்று விளங்கிக்கொண்டேன்.

அந்த ஊனுக்குள்தான் உங்கள் இரத்தம் பிறக்கிறது. ஒரு சிவப்பு அணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழும். பிறகு அழிந்துவிடும். ஆகவே புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பெரிய ஆளின் உடம்பில் விநாடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பு அணுக்கள் உண்டாகின்றன. நீங்கள் ஒரு தடவை ஆமென் சொல்லி முடிப்பதற்குள் 20 இலட்சம். நோயோடு போராடுகிற வெள்ளை அணுக்களும், காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் அங்கேயே பிறக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் தாயாக மஜ்ஜைக்குள் கொஞ்சம் செல்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தோட்டத்தில் கோரைப்புல் ஏறினால் என்ன நடக்கும்? வெங்காயத்துக்கு இடமும் இல்லை, பசளையும் இல்லை. இரத்தப் புற்றுநோயும் அப்படித்தான். முதிர்ச்சி அடையாத வெள்ளை அணு ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகி மஜ்ஜையை நிரப்பிவிடும். நல்ல அணுக்கள் உண்டாக இடமிராது. பிள்ளை வெளிறிப்போகும், சும்மா தொட்ட இடமெல்லாம் கன்றும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், கால் நோகுது என்று இரவில் அழும். இதில் யாருடைய பாவமும் இல்லை, யாருடைய கண்ணூறும் இல்லை. தொற்றும் நோயும் அல்ல. பக்கத்தில் இருந்து விளையாடலாம்.

சபையாரே, நல்ல செய்தியைத் தயவுசெய்து முதலில் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அதிகமாக வருகிற வகையான லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில், இந்த நாட்டில் 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு கீமோதெரபி மருந்துகளே போதும். நீண்ட சிகிச்சைதான், 2 வருடங்களுக்கு மேல் ஓடும். ஆனாலும் பாடசாலைக்குத் திரும்பிப் போகிறார்கள், உயர்தரம் எழுதுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். 1947ல் பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, ஒரு சில மாதம் நோய் தணிந்ததே அற்புதமாக இருந்தது. அவர் கொடுத்த அமினோப்டெரின் என்ற மருந்தை உண்டாக்கிய குழுவின் தலைவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இன்று தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்துக்கு அடங்காத நோயும் உண்டு. போய்விட்டது என்று நினைத்த பிறகு திரும்பி வருவதும் உண்டு. அப்படியான பிள்ளைகளுக்குத்தான் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை. கோரைப் பற்றை முழுவதும் ஏறிவிட்ட தோட்டத்தைக் கிழங்கோடு கொத்திப் புரட்டிவிட்டு, வேறொரு தோட்டத்திலிருந்து நாற்று வாங்கி நடுவது போல.

இதைத் தொடங்கிவைத்தவர் டொனால் தோமஸ் என்ற அமெரிக்க வைத்தியர். 1957ல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையில் 6 நோயாளிகளைப் பற்றி எழுதினார். 6 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பலர் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்கள். அவரும், ஆய்வுகூடத்தில் கூடவே உழைத்த மனைவி டொட்டியும் விடவில்லை. 1990ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில் கடந்துபோனது 33 வருடம். வார்டில் மனம் சோர்கிற நாட்களில் நான் அந்த 6 பேரை நினைப்பதுண்டு. அவர்கள் வழியாகக் கற்றுக்கொண்டதில்தான் இன்று என் கண் முன்னால் பிள்ளைகள் எழும்பி நடக்கிறார்கள்.

சரி, நாற்று யாரிடமிருந்து வாங்குவது? இங்கேதான் எங்கள் சபைக்கு வேலை வருகிறது.

எங்கள் செல்களில் பெரும்பாலானவற்றில் ஓர் அடையாளம் இருக்கிறது. எச்.எல்.ஏ. என்பார்கள். இழைய வகை என்று தமிழில் சொல்லலாம். இது இரத்த வகையைப் போல ஏ, பி, ஓ என்று சில வகைகளோடு முடிவதல்ல. ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. உடம்பு இந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் இது என்னுடையது, இது அந்நியம் என்று தீர்மானிக்கிறது. பிள்ளைகளே, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கையில் இரண்டு சீட்டு, அம்மாவின் கையில் இரண்டு சீட்டு. நீங்கள் பிறக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு சீட்டைத் தருவார்கள். உங்கள் தங்கச்சிக்கும் அதே இரண்டு சீட்டும் கிடைத்திருந்தால் நீங்கள் இருவரும் பொருத்தம். அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நாலு பிள்ளை பெற்றால் ஒன்று நிச்சயம் பொருந்தும் என்று ஓர் ஐயா என்னிடம் கணக்குச் சொன்னார். இல்லை ஐயா, ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு சீட்டுத்தான் கொடுத்திருப்பதால், அவர்கள் பொதுவாகப் பாதிப் பொருத்தம் மட்டுமே.

வீட்டில் பொருத்தம் இல்லாவிட்டால் முன்பு வழியே இருக்கவில்லை. 1973ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சிறுவர் வைத்தியசாலையில் சைமன் பொஸ்டிக் என்ற குழந்தைக்கு, உறவே இல்லாத ஒருவரின் மஜ்ஜையை ஏற்றினார்கள். அவன் பிழைத்தான். அவுஸ்திரேலியாவில் இருந்த ஷேர்லி நோலன் என்ற தாய் இதைக் கேள்விப்பட்டுத் தன் மகன் அந்தனியை லண்டனுக்குக் கொண்டுவந்தாள். அந்தனிக்குப் புற்றுநோய் இல்லை. பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு. ஆனால் அவனுக்கும் வேண்டியிருந்தது மஜ்ஜைதான். பொருந்துகிறவரைத் தேட ஒரு பட்டியல்கூட உலகத்தில் இல்லை என்று கண்டு, 1974ல் அவளே ஒரு பதிவேட்டைத் தொடங்கினாள். அந்தனிக்கு யாரும் கிடைக்கவில்லை. 1979ல், 7 வயதில் இறந்துபோனான். அவன் பெயரில் அந்தப் பதிவேடு இன்றும் இந்த நாட்டில் இயங்குகிறது. சொந்தப் பிள்ளைக்கு உதவாமற்போனதை மற்றவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து நடத்தினாளே, அந்தத் தாயை நான் அடிக்கடி நினைக்கிறேன். அதே 1979ல் அமெரிக்காவில் லோரா கிரேவ்ஸ் என்ற 10 வயதுச் சிறுமிக்கு இரத்தப் புற்றுநோய்க்காக உறவல்லாதவரின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. மஜ்ஜை ஒட்டிக்கொண்டது. பின்பு நோய் திரும்பிவந்து அவளும் போய்விட்டாள். அவளுடைய தகப்பன் முன்நின்று உழைத்ததால் அமெரிக்காவிலும் ஒரு தேசியப் பதிவேடு உண்டானது.

இன்று உலகமெங்கும் பதிவேடுகளில் 4 கோடிக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். இழைய வகை வம்சத்தோடு வருகிறது. ஜெர்மனி என்ற ஒரு நாட்டில் மட்டும் 90 இலட்சம் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவின் பதிவேடுகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு கோடியை எட்டவில்லை. அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014ல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய வம்ச வெள்ளையர் ஒருவருக்கு நல்ல பொருத்தமுள்ள கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு 75 வீதம் என்றது. தெற்காசியருக்கு 33 வீதம். மூன்றில் ஒன்று. எங்கள் பிள்ளைக்காகப் பட்டியலைத் திறக்கும்போது வைத்தியர் காண்பது அதைத்தான்.

எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கலியாணம் செய்தவர்கள். ஆண்டவருக்கு முன் எல்லாரும் ஒன்று என்று பாடிவிட்டு, பெண் பார்க்கும்போது எந்த ஊர், எந்தப் பகுதி என்று மெதுவாக விசாரிக்கிறோமே, அதன் தடயம் இழைய வகையிலும் இருக்கிறது. சில சேர்க்கைகள் எங்களுக்குள் அதிகம், வெளியில் அரிது. ஆகவே எங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிறவர் எங்களுக்குள்ளே இருக்கவே வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ஹாமில் இருக்கலாம், ஸ்காபரோவில் இருக்கலாம், திருநெல்வேலியில் இருக்கலாம். பதிவேடுகள் நாடு கடந்து தேடும். சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற பதிவேடு இயங்குகிறது. ஊரில் உள்ள உங்கள் மருமக்களுக்குச் சொல்லுங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு கட்டிலோடு தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. அதற்காகவும் நாம் ஸ்தோத்திரம் பண்ணலாம்.

பொருத்தம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். இப்போது தகப்பனோ தாயோ பாதிப் பொருத்தத்தோடு கொடுக்கிற முறையும் வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தையும் பயன்படுத்துகிறார்கள். 1988ல் பாரிசில் முதல் தடவையாக ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் கொடி இரத்தம் ஏற்றப்பட்டது. இருந்தாலும் வைத்தியர்கள் முதலில் தேடுவது முழுப் பொருத்தத்தைத்தான்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று சிறுவர்களுக்குச் சொல்லுகிறேன். பிள்ளையை ஒரு தனி அறையில் வைப்போம். உள்ளே வருகிற காற்றுக்கூட வடிகட்டப்பட்டது. ஏறக்குறைய ஒரு கிழமை கடுமையான மருந்துகள், சிலருக்கு உடம்பு முழுவதும் கதிர்வீச்சு. முடி கொட்டும், வாய் புண்ணாகும், தண்ணீர் விழுங்கவும் நோகும். பழைய மஜ்ஜை அழிந்துபோகும். பிறகு ஒரு நாள், அதை நாங்கள் பூச்சிய நாள் என்போம், ஸ்டெம் செல் வரும். சத்திரசிகிச்சை என்று எண்ணிக்கொண்டு சொந்தக்காரர் கூடுவார்கள். பார்த்தால் இரத்தம் ஏற்றுவது போல ஒரு பை, ஒரு குழாய், அவ்வளவுதான். உறைய வைத்து எடுத்த செல் என்றால் அறை முழுக்க அவித்த சோளத்தின் மணம். ஒரு தகப்பன், இவ்வளவுதானா சிஸ்டர் என்று கேட்டார்.

அந்தச் செல்களை எலும்புக்குள் யாரும் கொண்டுபோய் வைப்பதில்லை. நெஞ்சிலுள்ள குழாய் வழியாக இரத்தத்தில் விடுகிறோம். அவை தாமாகவே வழி கண்டு, எலும்புக்குள் போய், இடம் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு விஞ்ஞான விளக்கம் இருக்கிறது, படித்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை பையைத் தொங்கவிடும்போதும் எனக்கு எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்குத்தான் ஞாபகம் வரும். இரண்டு முதல் நான்கு கிழமை காத்திருப்போம். காலையில் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு பூச்சியம், பூச்சியம், பூச்சியம். ஒரு நாள் மிகச் சிறிய எண் ஒன்று வரும். அன்றைக்குத் தாதிகளும் அழுவோம்.

பிள்ளைகளே, ஓர் அதிசயம் கேளுங்கள். ஓ வகை இரத்தத்தோடு பிறந்த பிள்ளைக்கு ஏ வகைக்காரரின் செல் ஏற்றினால், கொஞ்சக் காலத்தில் பிள்ளையின் இரத்தமும் ஏ வகையாகிவிடும். அண்ணனின் மஜ்ஜையைப் பெற்ற தங்கையின் இரத்தத்தைப் பரிசோதித்தால், அது ஆண்பிள்ளையின் இரத்தம் என்று காட்டும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளை உடம்பு மறந்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

எல்லாம் நன்றாகவே முடியும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவளாவேன். வந்த செல்கள் புது வீட்டை அந்நிய வீடென்று எண்ணித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம். தொற்று வரலாம். நோய் திரும்பி வரலாம். சில பிள்ளைகள் அந்த அறையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பெற்றோரிடம் போய், விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் என்று சொல்லுகிறவர்கள் நம்முடைய கூட்டங்களிலும் இருக்கிறார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதேயுங்கள். ஒன்றும் சொல்லத் தெரியாவிட்டால் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஜெபித்தால் போதாதா, எதற்கு இன்னொருவரின் செல் என்றும் கேட்கிறார்கள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கின நாலு பேரை யோசித்துப் பாருங்கள். சுகமாக்கினவர் இயேசு. படுக்கையின் நாலு மூலையையும் பிடித்தவர்கள் மனுஷர். அவர்களுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. வார்டில் அந்த நாலு மூலையும் எங்கே என்று நான் பார்ப்பேன். ஒரு மூலை எப்போதும் கொடையாளியின் கையில்.

இங்கே கொடையாளிச் சகோதரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயது அக்கா மூன்று வயதுத் தம்பிக்கு மஜ்ஜை கொடுப்பது உண்டு. இங்கிலாந்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. தானாகச் சம்மதம் சொல்லும் வயது வராத பிள்ளை கொடுப்பதென்றால், தனியாக ஒருவர் வந்து அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும், மனித இழைய ஆணையம் அனுமதி தர வேண்டும். பெற்றோர் ஆம் என்றால் மட்டும் போதாது. எங்கள் ஆட்களில் சிலருக்கு இது கோபம். என் பிள்ளையிடம் வெளியாள் என்ன கேட்கிறது என்பார்கள். நான் அந்தச் சட்டத்தின் பக்கம். நோயுள்ள பிள்ளையையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிள்ளை உனக்குப் பயமா என்று ஒருவராவது கேட்க வேண்டும். இங்கே இருக்கிற சிறுவர்களில் யாராவது அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒருநாள் கொடுக்க நேர்ந்தால், அல்லது பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டால், இதை நினைவில் வையுங்கள்: பிறகு என்ன நடந்தாலும் அது உன் பிழை அல்ல. உன் செல் கூடாத செல் அல்ல.

சபையாருக்கும் வேலை இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது என்று கேட்டவுடன் பதினைந்து பேர் பூங்கொத்தோடு போய் நிற்காதேயுங்கள். பூ கூடாது. இருமலோடு போய் நெற்றியில் முத்தமிடக் கூடாது. உங்கள் பிள்ளைகளுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். உங்கள் வீட்டில் சாதாரணமாக வந்துபோகிற சின்னமுத்தும் கொப்புளிப்பானும் அந்தப் பிள்ளையைக் கொன்றுவிடும். மாதக்கணக்கில் ஆராதனைக்கு வராவிட்டால் பின்மாற்றம் என்று பேச வேண்டாம். திரும்பி வரும்போது மருந்தினால் முகம் வீங்கியிருக்கும், தொப்பி போட்டிருக்கும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளே, உற்றுப் பார்க்காமல் பக்கத்தில் இடம் விடுங்கள்.

இப்போது வாலிபர்கள். அந்தனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரை சேரலாம். வேறு பதிவேடுகளில் வயது எல்லை வேறு. சேருவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தபாலில் அனுப்பினால் போதும். 61 வயது வரை பெயர் இருக்கும். பலருக்கு அழைப்பே வராது. வந்தால், பெரும்பாலும் நாலு நாள் ஊசி போட்டு, பிறகு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரம் செல்லைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தரும். நாலைந்து மணி நேரம். சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜையே எடுப்பார்கள். பெறுகிறவர் பிள்ளையாக இருந்தால் இதைக் கேட்பது கூட. முதுகெலும்பைத் தொடுவதில்லை. எலும்பை வெட்டுவதும் இல்லை. எடுத்த மஜ்ஜை சில கிழமைகளில் திரும்ப ஊறிவிடும். கலியாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ ஒரு தடையும் இல்லை, அன்ரிமாரே.

மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை ஆரம்பத்தில் சொல்லுங்கள். கொடுக்கிற நாளுக்கு ஒரு கிழமை முன்னரே அங்கே பிள்ளையின் மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் மனம் மாறினால் அந்தப் பிள்ளைக்கு உள்ளே ஒன்றும் இராது.

பதிந்தவர்களில் அழைப்பு வந்ததும் பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா வேண்டாம் என்கிறா என்பது நான் பலதடவை கேட்ட காரணம். அந்த அம்மாக்கள் மேல் எனக்குக் கடும் கோபம் இருந்தது. என் மகன் 20 வயதில் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு அழைப்பு எடுத்த இரவு வரை.

“அம்மா, எனக்கு மெசேஜ் வந்திருக்கு. யாருக்கோ என்ர செல் பொருந்துதாம்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இத்தனை வருடம் அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். என் வாயில் வந்தது இதுதான்: “இப்ப சோதினை நேரமெல்லே. பிறகு பாப்பம் எண்டு சொல்லு.”

அவன் ஒன்றும் பேசவில்லை. சரி அம்மா என்று வைத்துவிட்டான். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். மயக்க மருந்தில் ஆயிரத்தில் எத்தனை பேருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மற்றவர்களுடைய பிள்ளைகளிடம் நான் சொல்லுகிற எண்கள் என் பிள்ளைக்கு வந்தபோது பெரிதாகிவிட்டன. என்னுடைய கணவர்தான் கேட்டார், மற்றப் பக்கத்தில் இருக்கிற தாய்க்கு நீர் என்ன சொல்லுவீர் என்று. நான் அவருக்கும் கோபமாகப் பதில் சொன்னேன். ஜெபித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அன்றிரவு ஜெபிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

காலையில் நான் அழைத்தபோது அவன் ஏற்கெனவே ஆம் என்று பதில் அனுப்பியிருந்தான். என்னைக் கேட்டது அனுமதிக்காக அல்லவாம். சொல்ல வேண்டும் போலிருந்ததாம்.

பெறுகிறவர் ஒரு பிள்ளை, ஆகவே மஜ்ஜையே வேண்டும் என்றார்கள். இரண்டு இரவு வைத்தியசாலையில் இருந்தான். மயக்கம் தெளிந்ததும் கேட்டது கோழிப் புக்கை. ஒரு கிழமை குனிய முடியாமல் தாத்தாவைப் போல நடந்தான். சோதனையும் எழுதினான். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல புள்ளி.

பெறுகிறவர் யார் என்று கொடையாளிக்குச் சொல்ல மாட்டார்கள். இந்த நாட்டில் முதல் இரண்டு வருடம் பெயரில்லாத அட்டை அனுப்பலாம். அதன் பின் இரு பக்கமும் விரும்பினால் அறிமுகமாகலாம். இரண்டு வருடமும் கடந்துவிட்டது. அட்டை ஒன்றும் வரவில்லை. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான்தான் தபால் விழும் சத்தம் கேட்டால் எழும்பிப் போகிறேன்.

ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், பஞ்சுக் குச்சிப் பெட்டிகளோடு ஒரு மேசை இருக்கும். அன்று வராதவர்கள் இந்த மலரை வாசித்துவிட்டு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மேசையில் நான் இருக்க மாட்டேன், என் மகன் இருப்பான். எதையும் கேளுங்கள். நோகுமா என்றும் கேளுங்கள். நோகும் என்றுதான் சொல்லுவான்.